துவக்குக்கு வாங்கிப் பூட்டிய சாமான்கள்

துப்பாக்கி லைசென்ஸ் அதிகாரி வருவதாகச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே நான் ஷேர்ட்டை இரண்டாவது தடவை மாற்றிவிட்டேன். முதல் ஷேர்ட் கரும்பச்சை. துவக்கு விசயத்தில் பட்டாளத்துப் பச்சை வேண்டாமென்று பட்டது. இரண்டாவது வெளிர்நீலம். அதில் நான் ஒரு வங்கி முகாமையாளர் போல இருக்கிறேன் என்று கண்ணாடி சொன்னது. மனைவி பார்த்துவிட்டு, "பல்லுப் பிடுங்கப் போறவர் மாதிரி நிக்கிறியள்" என்றாள்.

நாங்கள் கிளென்ஃபீல்டிலிருந்து மாசி என்ற புறநகருக்கு வீடு மாறி ஒரு மாதம் ஆகியிருந்தது. துவக்கு வைத்திருப்பவர் வீடு மாறினால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தால், புது வீட்டில் அது ஒழுங்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஆள் வரலாம். வந்தால் வீட்டிலுள்ளவர்களிடமும் கேள்வி கேட்கலாம்.

பூட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இரும்புப் பெட்டியை கராஜ் சுவரோடு நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருந்தேன். வீடு இடிந்தாலும் பெட்டி நிற்கும். எனக்குக் கவலை அந்த 'வீட்டிலுள்ளவர்' பற்றித்தான். காலையில் மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டே சொல்லியிருந்தாள்: "வாற அதிகாரி என்னட்டக் கேட்டால் நான் உள்ளதைத்தான் சொல்லுவன்."

"என்ன உள்ளது?"

"அதை அவவிட்டையே சொல்லுறன்."

 வீட்டுக்காரிக்குப் பயம் என்று அதிகாரியின் கோப்பில் ஒரு வரி விழுந்தால் போதும், என் லைசென்ஸ் ஆட்டம் காணும்.

அவளுக்குப் பயம் வரக் காரணம் இருந்தது. மன்னாரில், சண்டைக் காலத்தில், அவள் வளர்ந்த வீட்டில் துவக்கு என்றால் வாசலில் வந்து நிற்கிறவன் கையில் இருப்பது. இரண்டு வருடத்துக்கு முன் நான் ஒன்று வாங்கப் போகிறேன் என்றபோது நெடுநேரம் யோசித்தாள். வெஸ்ட்கேட்டுக்கு அப்பால் ஒரு பண்ணையில் முயல் தொல்லை, கூட வேலை செய்யும் கோயம்புத்தூர்க்காரத் தம்பி அங்கே சுடப் போகிறான், நானும் போகிறேன் என்று விளக்கினேன். "முயலுக்கெண்டால் சரி" என்று ஒத்துக்கொண்டாள்.

வாங்கியது மிகச் சாதாரணமான ஒரு .22 ரைபிள். மரக்கட்டை, இரும்புக் குழாய், ஒரு விசை. அதோடு விட்டிருந்தால் நான் நல்ல மனிதன்.

முதலில் ஸ்கோப். நாற்பத்தெட்டு வயதுக் கண்ணுக்கு அது நியாயமான தேவைதான். "அண்ணே, நாலு மடங்கு பெருசாக் காட்டினாலே போதும்ணே" என்றான் தம்பி. நான் வாங்கியது, நிலாவில் இருக்கிற முயலைக்கூடச் சுடலாம் போன்ற ஒன்று. பண்ணையில் ஐம்பது மீட்டரில் முயல் இருந்தது. ஸ்கோப்புக்குள் மயிர் மட்டும் தெரிந்தது. அது தலைப்பக்கமா வால்பக்கமா என்று நான் ஆராய்ச்சி செய்து முடிப்பதற்குள் முயல் வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்தது, குழாயை நிலத்தில் ஊன்றி வைக்க இரட்டைக் கால். பண்ணைப் புல் அந்தக் கால்களைவிட உயரம். பிறகு, தோளில் உதைக்காமல் இருக்க ஒரு ரப்பர் மெத்தை. .22 உதைப்பது என்றால் பூனை தும்முகிற அளவு. தம்பி அந்த மெத்தையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது தோளுக்கா, இல்ல உக்காரவாண்ணே?" என்றான். அப்போதும் நான் திருந்தவில்லை. மரக்கட்டையைக் கழற்றிவிட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒன்றைப் பூட்டினேன். கராஜில் அதைக் கண்டதும் தம்பி கேட்டான்: "ஒரு முயலுக்கு ஏண்ணே இவ்ளோ மரியாதை?"

கடைசியாக வந்தது தோள்வார். பச்சையும் மண்ணிறமும் கலந்த, பட்டாளத்து உடுப்புப் போன்ற துணி. இணையக் கடைப் படத்தில் வெறும் பச்சையாகத்தான் தெரிந்தது, சத்தியமாக. அதைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அதன்மேல் ஒரு பத்திரிகை விரித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு கோப்பைகளும் இருந்தன. மனைவி சோறு போட்டாள். 

அதற்குப் பிறகு ஒரேயொரு முறை என்னோடு பண்ணைக்கு வந்தாள். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, தேவாலயத்து ஞானப்பாட்டுகளை உச்சத்தில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.  திரும்பும் வழியில், வெஸ்ட்கேட் கடைகள் வந்ததும் அவள் சொன்னது இவ்வளவுதான்: "பால் முடிஞ்சுது."

அப்படிப்பட்டவள்தான் இன்றைக்கு உள்ளதைச் சொல்லப் போகிறாள்.

அதிகாரி வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு. சப்பாத்தை வாசலில் கழற்றினார். மனைவி கட்லட்டும் தேத்தண்ணியும் வைத்தாள். ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, மிகச் சாதாரணமாக அவளிடம் கேட்டார்: வீட்டில் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

மனைவி எழும்பி நின்றாள். இரண்டு கைகளும் முன்னால், வெளியே தெரியும்படி.

"நோ மேடம். நோ கன் இன் திஸ் ஹவுஸ்."

அதிகாரியின் பேனா நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீங்கள் துப்பாக்கி வைத்திருப்பது உங்கள் மனைவிக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றேன். "அதாவது, இருக்கிறது. ஆனால் அவள் இல்லையென்று சொன்னது..." எவ்வளவு கூடக் கதைத்தேனோ அவ்வளவுக்கு நான் கள்ளன் ஆகிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்குச் சிரிப்பு வேறு வந்தது. எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். பொலிஸ் சம்பந்தப்பட்ட இடத்தில் அது நல்ல பழக்கமில்லை.

மனைவி வாயைப் பொத்தினாள். "ஐயோ." பிறகு தன் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னாள்: எங்கள் ஊரில் வாசலுக்கு வந்து துவக்கு இருக்கா என்று கேட்பார்கள், ஏழு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த மறுமொழி ஒன்றுதான், நான் யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். அவர் சிரிக்கவில்லை. "உட்காருங்கள்" என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

கராஜில் பெட்டியைத் திறந்தேன். ரைபிளின் பின்பூட்டை இழுத்துத் திறந்து, உள்ளே சுடுகிற ரவை ஒன்றும் இல்லையென்று காட்டினேன். அதிகாரியின் கண் ஸ்கோப்பிலிருந்து இரட்டைக் காலுக்கும், அதிலிருந்து தோள்வாருக்கும், கடைசியாக ரப்பர் மெத்தைக்கும் போனது.

"இதால் எதைச் சுடுகிறீர்கள்?"

"முயல்."

"பெரிய முயல்களா?"

நான் தோள்வாரை மெல்லப் பின்னால் தள்ளி மறைத்தேன். அதிகாரி பூட்டெல்லாம் சரி என்றார். பிறகு மனைவியைக் கராஜுக்குக் கூப்பிட்டு, இவரோடு தனியாகக் கதைக்க வேண்டும், கொஞ்சம் வெளியே நில்லுங்கள் என்றார்.

தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. மனைவி கதைப்பது தெரிந்தது, கேட்கவில்லை. அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து ஆங்கிலம் கதைத்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவை காதைத் தொட்டுக் காட்டினாள். அதிகாரி எழுதினார். என் லைசென்ஸ் முடிந்தது என்று நினைத்தேன். தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். மின்சாரக் கம்பனிக் கடிதம் ஒன்று இருந்தது. அதை மூன்று தடவை வாசித்தேன்.

கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் மனைவி தமிழில் தொடங்கினாள்.

"இஞ்ச பாருங்கோ. அதுக்கு நீங்கள் கால் வைச்சாலும் கட்டில் போட்டாலும் எனக்குக் காரியமில்லை. எனக்குச் சத்தம்தான் ஏலாது. அண்டைக்குக் காருக்குள்ள ஏன் பாட்டைக் கூட்டி வைச்சனான் எண்டு நினைச்சியள்?"

"கோவம் எண்டு..."

"கோவமெண்டால் வாயால சொல்லுவன். இருபது வருசமாச் சொல்லேல்லையே?"

"அப்ப அந்தத் தோள்வார்?"

"அதையும் எறியுங்கோ. ஆனா முதல் சத்தம்."

அதிகாரிக்குச் சொற்கள் விளங்காவிட்டாலும் சங்கதி விளங்கியது போல. குழாயின் முனையில் இருந்த சின்ன மூடியைத் தொட்டு, "இது எதற்கென்று தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

இரண்டு வருடமாக அது அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லியும் தொலைத்தேன்.

மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே திருகு மரை. இங்கே சத்தத்தை அடக்கும் சைலன்சர் பூட்டலாம், பண்ணைக்காரர்கள் முதலில் வாங்குவது இதைத்தான், மற்றதெல்லாம் பிறகு என்றார். அதோடு மெதுவாகப் போகும் ரவை போட்டால் கைதட்டுகிற அளவுச் சத்தம்கூட வராதாம். இதை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மனைவியைப் பார்த்துச் சொன்னார். போகும்போது, வீட்டுக்காரி தரப்பில் ஆட்சேபனை இல்லை என்று எழுதியிருப்பதாக என்னிடம் சொன்னார். இரண்டு கட்லட்டைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு மனைவிதான் முன்னால் நடந்தாள். கடைக்காரர் ஆறு சைலன்சரை வரிசையாக வைத்து நீளம், எடை என்று விளக்கத் தொடங்கினார். நான் தலையாட்டி, கறுப்பில் மின்னிய ஒன்றை நோக்கிக் கை நீட்டினேன். அவள் என் கையை இறக்கிவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: இதில் ஆகக் குறைந்த சத்தம் எது? கண்ணுக்கு ஒன்றுமில்லாத ஒரு சாம்பல் நிறக் குழல் வந்தது.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து பண்ணைக்குப் போனோம். மரக்கட்டை திரும்ப வந்திருந்தது. தோள்வார், கால், மெத்தை எல்லாம் கராஜில் ஒரு பெட்டிக்குள். நான் புல்லில் படுத்தேன். பின்னால் காருக்குள் மனைவி; கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, பாட்டு உச்சத்தில். முயலொன்று வந்து இருந்தது. சுட்டேன். என் காதுக்கே புத்தகத்தை மூடுவது போலத்தான் கேட்டது.

முயல் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் புல்லைத் தின்றது. இன்னொரு தடவை சுட்டேன். அது இரண்டு துள்ளுத் தள்ளிப்போய் இருந்தது.

பின்னால் பாட்டு நின்றது. கண்ணாடி இறங்கும் சத்தம்.

"இன்னும் சுடேல்லையோ?"

"ரெண்டு தரம் சுட்டாச்சு."

 திரும்பிப் பார்த்தேன். கதவைத் திறந்து, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு காலைப் புல்லில் வைத்திருந்தாள்.

"பட்டதோ?"

"இல்லை."

"அப்ப எழும்பி வாங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது."