மூன்று கையெழுத்தும் ஒரு பென் டிரைவும்

“லேப் அக்காகிட்ட கேக்காதடி, பாவம். அவங்களுக்கே பாஸ்வேர்டு தெரியாது.”

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டு மாணவிகள் பேசிக்கொண்டது. அந்த அக்கா நான்தான். துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர் வேலை என்பது, சாவி இல்லாத வீட்டுக்குக் காவல் இருப்பது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ‘அனுமதி இல்லை’ என்ற பெட்டியை முறைத்தபடி உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி.

ஃபாரம்

லப்பைக்குடிக்காட்டு நஸ்ரினுக்குக் கடைசி செமஸ்டர். சின்ன வெங்காயத் தாளின் படத்தைக் காட்டினால் என்ன நோய் என்று சொல்லும் பைத்தான் புரோகிராம் எழுதியிருந்தாள். அது ஓடத் தேவையான மாட்யூல்கள் என்னும் துணை நிரல்கள் எங்கள் லேபில் இல்லை; அவள் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை. வெள்ளிக்கிழமை புராஜெக்ட் தேர்வு. அன்று ஓடாவிட்டால் அரியர். கேம்பஸில் கிடைத்த வேலையும் போய்விடும்.

பாஸ்வேர்டு வைத்திருக்கும் லேப் பொறுப்பாளர் முருகேசன் சாரிடம் போனேன். நான் வாய் திறப்பதற்குள் ஒரு ஃபாரத்தை நீட்டினார். புதிதாக எதை நிறுவவும் துறைத்தலைவர், முதல்வர், செயலாளர் என மூன்று கையெழுத்து வேண்டும். செயலாளர் துபாயில் இருந்தார்.

“அவரு கையெழுத்து வந்ததும் அஞ்சே நிமிஷம், போட்டுத் தந்துடறேம்மா.”

சொந்த ஃபோல்டர்

இரண்டு நாள் படித்துத் தெரிந்துகொண்டேன். எல்லோருக்கும் பொதுவாக நிறுவத்தான் பாஸ்வேர்டு வேண்டும். நஸ்ரினின் சொந்த ஃபோல்டருக்குள் நிறுவ யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வரிக் கட்டளை. முக்கால் மணி நேரம் இறங்கியது. வெங்காயப் படத்தைக் காட்டினோம். ‘திருகல் நோய்’ என்றது.

“அல்ஹம்துலில்லாஹ். நோய் வந்ததுக்கு இவ்ளோ சந்தோஷப்பட்டது நாமதான்க்கா.”

மறுநாள் காலை

ஃபோல்டர் காலி. கம்ப்யூட்டரை அணைத்தால் எல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பும்படி சார் ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு அது தெரியும். இருந்தும், முந்தைய நாள் சந்தோஷத்தில் நானே வரிசையாக அணைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

நஸ்ரின் அழவில்லை. பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினாள். இந்த முறை மாட்யூல்களை அதற்குள்ளேயே நிறுவினோம்.

“இதை நீங்க அணைக்க முடியாதுல்லக்கா?”

வெள்ளிக்கிழமை

தேர்வு ஹாலில் வேறு கம்ப்யூட்டர். மேசைக்கு அடியில் இருந்த அதன் பெட்டியின் பின்புறம் பென் டிரைவ் செருகும் இடம் தளர்ந்து ஆடியது. புரோகிராம் இரண்டு முறை பாதியில் நின்றது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் ஒரு தடவைதாம்மா,” என்றார்.

நான் வாசலில் நின்றேன். பக்கத்தில் நின்ற முருகேசன் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். மேசைக்கு அடியில் நுழைந்து தரையில் உட்கார்ந்தார். தேர்வாளர் மார்க் போட்டு எழுந்திருக்கும்வரை பென் டிரைவை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.