இரண்டைத் தாண்டாத குமிழ்

பாட்டுப் பெட்டியைப் போடும் முன் அப்பா ஒலிக் குமிழை ஒருமுறை இடப்பக்கம் முழுக்கத் திருப்புவார். அது ஏற்கெனவே பூஜ்யத்தில்தான் இருக்கும். முந்தின நாள் அணைத்தபோது அவரே அப்படி வைத்திருப்பார். இருந்தாலும் திருப்புவார். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். இசைத்தட்டு சுழன்று, ஊசி இறங்கி, மெல்லிய கரகரப்பு வந்ததும் குமிழை ஒன்றுக்குக் கொண்டுபோவார். கொஞ்சம் யோசித்து இரண்டில் நிறுத்துவார். குமிழைச் சுற்றிப் பத்து வரை எண்கள் உண்டு. ஒன்றும் இரண்டும் விரல் பட்டுப் பட்டு மங்கிப்போயிருந்தன. மற்றவை புத்தம்புதிதுபோல் பளிச்சென்று இருந்தன. நான் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து வேலைக்குப் போகும் காலம் வரை இதில் மாற்றமே இல்லை.

அப்பா ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். அங்கே அவருக்குப் 'பூனை' என்று பெயர். அவர் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி இருக்கும், ஸ்ட்ரெச்சர் சக்கரங்களுக்கு. அதே புட்டியால் எங்கள் வீட்டுக் கதவுக் கீல்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் விடுவார்.

"உங்க அப்பா குறட்டை விடறதுக்குக்கூட பக்கத்து வீட்டுல போய் அனுமதி கேட்டுட்டு வருவாரு" என்பாள் அம்மா.

வெளிநாடு போன ஒரு டாக்டர் விட்டுவிட்டுப் போன செட் அது. ரெக்கார்ட் பிளேயர், இரும்புப் பெட்டி மாதிரி கனக்கும் ஆம்ப்ளிஃபயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு மர ஸ்பீக்கர்கள். அப்பா ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து மாடியேற்றினார். "தனி வீடு ஒண்ணு கட்டினா ஒரு நாளாவது அஞ்சுல வச்சுக் கேக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனி வீடு கட்டவில்லை. எங்கள் கூடத்துக்கும் பக்கத்து வீட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான்.

அந்த வீட்டுப் பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டது மருமகள் ஒருத்தர்தான். அவர் அப்பாவை 'அண்ணா' என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. வேலைக்குப் போகும் முன் அப்பா அங்கே போய், பெரியவரைப் புரட்டிப் படுக்க வைக்க அத்தைக்கு ஒரு கை கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் பெரியவர் அப்பாவிடம், "பக்கத்து வீட்டுல ஆள் குடியிருக்காங்களான்னே தெரியலப்பா. மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்றாராம். அதை அப்பா எத்தனை பேரிடம் சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை. எங்கள் வம்சத்தில் முதல் பட்டத்தை நான் வாங்கிக்கொண்டு வந்த அன்று, அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்ததாக இதைத்தான் சொன்னார். அன்று எனக்குச் சுருக்கென்று இருந்தது. அது அவர் வாங்கிய பட்டம் என்று பிறகு தோன்றியது.

மர ஸ்பீக்கர்களின் விளிம்பிலிருந்த நுரை பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. இரண்டில் வைத்தாலும் ஈ மொய்ப்பதுபோல் இரைந்தது. நான் கம்பியில்லா ஸ்பீக்கர் இரண்டு வாங்கி வந்தேன், கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியும்.

"இது எதுக்கு?" என்றார் அப்பா.

"உங்க பெட்டிக்கு புளூடூத் தெரியாதுப்பா. இது நடுவுல நின்னு பேசி முடிக்கும்."

"கல்யாணத் தரகர் மாதிரின்னு சொல்லு" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

ஆம்ப்ளிஃபயரின் முகப்பிலிருந்த ஹெட்போன் துளையில் கருவியின் வயரைச் செருகினேன். அதில் எதையாவது செருகினால் மர ஸ்பீக்கர்கள் தாமாக ஊமையாகிவிடும். கருவியின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது, பிறகு நீலமாக நின்றது. "சேர்ந்துடுச்சு" என்றேன். அப்பா குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். அவருக்குப் பிடித்த ஆட்டப்பாட்டுத் தட்டைப் போட்டார். எக்காளமும் தாளமுமாக ஆரம்பிக்கும் பாட்டு, நடுவில் ஒரு கீறல். இரண்டில் வைத்தார்.

சத்தமே இல்லை.

மூன்றில் வைத்தார். புது ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் பாருங்களேன்" என்றாள் அம்மா. "பயந்து பயந்து சாகறீங்க. குமிழ் என்ன கடிச்சா வைக்கப் போகுது?"

ஐந்து. ஏழு. புது ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். அதன் விளக்கு இன்னும் மின்னிக்கொண்டுதான் இருந்தது. அது எதனோடும் சேரவேயில்லை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் எக்காளம் கேட்டது. அப்பா தலையைத் தூக்கினார். பாட்டு கீறலில் தடுக்கி, ஒரு சொல்லை இரண்டு தரம் சொல்லிவிட்டு மேலே போனது. அந்தக் கீறல் உலகத்தில் ஒரே தட்டில்தான் உண்டு. அப்பா ஊசியைத் தூக்கினார். அந்த வீட்டில் பாட்டு நின்றது.

பெரியவருக்குப் புல்லாங்குழல் பிடிக்கும் என்று அத்தை கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் வைத்திருந்தார். போனை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனதும், இணைப்பு அறுந்து தனித்து நின்ற அதை எங்கள் தரகர் பிடித்துக்கொண்டது. இதெல்லாம் எனக்குப் பிறகு புரிந்தது. அந்த நிமிடத்தில் சுவர் வழியாக பெரியவரைப் பார்க்க வந்திருந்த மகளின், அதாவது அத்தையின் நாத்தனாரின் குரல்தான் கேட்டது.

"அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. உனக்கு ஆட்டம் கேக்குதா?"

"நான் போடல அண்ணி. டாக்டருக்குப் போன் பண்ணத்தான் வாசலுக்குப் போனேன்."

"உன் போனு, உன் ஸ்பீக்கரு. பேயா வந்து போட்டுது?"

அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. அழுகுரல் எழுந்துவிட்டது. காலையில் கொஞ்சம் தேவலை என்றிருந்த பெரியவர் போய்விட்டார்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். நான் எழுந்தேன். "நீ வராதே. குமிழைத் திருப்பினது நான். நான் போய்ச் சொல்லிக்கிறேன்" என்றார்.

போனார். பெரியவரின் இமைகளை மூடினார், தாடையைக் கட்டினார், மடங்கியிருந்த காலை நீவி நேராக்கினார். ஆஸ்பத்திரியில் வழக்கமாகச் செய்கிற வேலை. வெகுநேரம் கழித்து வந்தவரிடம், "சொன்னீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"கூட்டமா இருந்தது" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகும் சொல்லவில்லை. "இப்பத்தான் அவங்களே மறந்திருப்பாங்க" என்றார் ஒருமுறை. அவர்கள் மறக்கவில்லை. குடும்பத்தில் எந்தப் பேச்சு தடித்தாலும் நாத்தனார் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்: "உயிர் போற நேரத்துல கூத்து வச்சவதானே." சுவர் வழியாக அது கேட்கும்போதெல்லாம் அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அத்தையை மாடிப்படியில் பார்த்தால், ஏதோ மறந்ததுபோல் திரும்பி மேலே ஏறிவிடுவார். ஒருநாள் வாசல் வரை போய், கதவைத் தட்டக் கையைத் தூக்கியதை நானே பார்த்தேன். தூக்கிய கையால் அந்தக் கதவின் கீலைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய்ப் புட்டியை எடுத்து இரண்டு சொட்டு விட்டுவிட்டு வந்துவிட்டார்.

அவர் ஏன் சொல்லவில்லை என்று நிறைய யோசித்திருக்கிறேன். கோழை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் தொற்று நோயாளிகளை யாரும் தொடாத நாளில் தொட்டுத் தூக்கியவர் அவர். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவர் சத்தம் போட்டார், அது சாகிற மனிதரின் காதில் போய் விழுந்தது. 'ஆள் இருப்பதே தெரியாது' என்று சொன்ன அதே மனிதரின் காதில். அதைத் தன் வாயால் சொல்லிவிட்டு அவர் வேறு யாராக இருந்திருக்க முடியும்? இப்படி நினைக்கும்போது, நான் அவருக்கு வக்கீல் வேலை பார்க்கிறேனோ என்ற சந்தேகமும் வந்துவிடுகிறது. அடிவாங்கியது அத்தை அல்லவா.

வீட்டை விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். அப்பா சாமான்களை இறக்கிக் கொடுத்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று நானும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அத்தை அந்தச் சின்ன ஸ்பீக்கரை அப்பாவிடம் நீட்டினார்.

"இதை நீங்களே வச்சுக்கோங்கண்ணா. பாட்டுன்னா உங்களுக்கு உசிராச்சே. எனக்கு இதைத் தொடவே மனசு வரல. நான்தான் போன்ல எதையோ அழுத்தித் தொலைச்சிருக்கேன் போல. எதை அழுத்தினேன்னுதான் இன்னும் தெரியல."

அப்பா வாயைத் திறந்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அப்பா ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டார்.

அது எங்கள் அலமாரியின் மேல்தட்டில், துண்டு சுற்றி இருக்கிறது. நான் வாங்கி வந்த ஜோடியை அப்பா கடைசிவரை பயன்படுத்தவில்லை. இரைச்சலோடு மர ஸ்பீக்கரிலேயே கேட்டார். பிறகு ஒன்றுக்கு மேல் குமிழைத் திருப்பவில்லை.

அவர் தூக்கத்திலேயே போனார், யாரையும் எழுப்பாமல். செய்தி கேட்டு அத்தை இரண்டு பஸ் மாறி வந்தார். காலடியில் உட்கார்ந்து, சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார்:

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தேன். ஒருநாள், ஒரு பொழுது, இந்த வீட்டிலேர்ந்து ஒரு சத்தம் கேட்டதில்ல. என் மாமனாரைக் கடைசியா நேராக்கிப் படுக்க வச்ச கை இது. அண்ணனுக்கு நான்தான் கடன்பட்டிருக்கேன்."

நான் நிமிர்ந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்கிறாளா, சொல் என்கிறாளா என்று தெரியவில்லை. அதற்குள் யாரோ அத்தையைக் கூப்பிட்டு நகர்த்தி உட்காரச் சொன்னார்கள்.

'அந்தப் பாட்டு எங்க வீட்டிலேர்ந்து வந்ததும்மா.' அப்பா அவருக்குத் தர வேண்டியிருந்தது இவ்வளவுதான். அது இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.