சுரைக்காய் நூடுல்ஸும் நான்கு மிட்டாயும்

என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே பாஸ்தாவை வீட்டைவிட்டு ஒழித்தேன். கல்யாணமாகிப் போவதற்கு முன் மகள் பழக்கிவிட்ட தீனி அது. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிற மனிதர். மதியத்துக்கு டப்பா நிறைய பாஸ்தா இருந்தால் வேறொன்றும் கேட்க மாட்டார்.

பென்சில் சீவுவதுபோலக் காயைச் சுருள் சுருளாகச் சீவும் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். சுரைக்காய், கேரட் எதுவும் என்னிடம் தப்பவில்லை; சோற்றையும் நிறுத்திவிட்டு, நூடுல்ஸ் என்று அதையே மூன்று வேளையும் வைத்தேன். மாவுச்சத்து சொற்பம், கொஞ்சம் நார்ச்சத்து, மீதியெல்லாம் தண்ணீர் என்று போனில் பார்த்ததைத் திருநின்றவூரில் எங்கள் அடுக்குமாடி முழுக்க ஒப்பித்தேன். தண்ணீரைத் தின்றுவிட்டு ஒருவர் இரும்போடு எப்படி மாரடிப்பார் என்று யோசிக்கவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் தினமும் என் கையாலேயே கொடுத்தேன், டாக்டர் முதலில் எழுதித் தந்த அளவிலேயே. சாப்பாட்டை மாற்றியதை டாக்டரிடம் சொல்லவில்லை. என் சமையலறையில் அவருக்கு என்ன வேலை?

"பசிக்குதுமே. கையெல்லாம் நடுங்குது. ஒரு பிடி சோறு வையேன்."

"கை இல்லய்யா, உனுக்கு நாக்கு நடுங்குது," என்றேன்.

அவர் இளைத்துக்கொண்டே போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் துவைக்கும்முன் அவருடைய காக்கிச் சட்டைப் பையைத் துழாவினேன். நான்கு ஆரஞ்சு மிட்டாய். எதிர்வீட்டு அக்கா வந்திருந்த நேரமாகப் பார்த்து, அவற்றைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"மயக்கம் வந்தா வாயில போட்டுக்கோன்னு கூட வேல செய்றவன் குடுத்தான்மே. அதான் வச்சிக்கினு இருந்தேன்."

"பொய்யக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல பாருக்கா," என்று சிரித்தேன். அந்த அக்காவும் சிரித்தாள். அவர் தலைகுனிந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

மறுநாள் முதல், கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலிலேயே சோதனை. ஆலை கேட்டில் செக்யூரிட்டி முன்னால் நிற்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்பார். நான் பைகளைத் துழாவி அனுப்புவேன்.

நான்காம் நாள் ஆலையில் மயங்கி, பழுக்கக் காய்ந்த இரும்பின் மேல் விழுந்தார். வலது கை வெந்துவிட்டது.

"சர்க்கரை ரொம்ப எறங்கியிருக்கு. பாக்கெட்ல ஒரு மிட்டாய்கூடவா வச்சுக்க மாட்டீங்க?" என்று ஆஸ்பத்திரி டாக்டர் கடிந்துகொண்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். "மறந்துட்டேன் சார்," என்றார்.

அன்றைக்குப் பொய்யை ஒழுங்காகச் சொன்னார்.

இப்போது சோறு வடிக்கிறேன், பிசைந்து ஊட்டுகிறேன். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை, சட்டைப் பொத்தானையும் நான்தான் போட்டுவிட வேண்டும். அதற்காகப் பக்கத்தில் போனால் போதும், இரண்டு கைகளையும் தூக்கிக்கொள்கிறார்.