மூடிய கேட்டுக்குப் பதினாலு வாக்கியம்

1. கார்பன் பேப்பரால் வந்த வினை

பதினாலு கடிதங்களையும் துரை என் மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்து, "வாசி" என்றார். முதல் கடிதத்தை வாசித்தேன். "அடுத்தது" என்றார். அதையும் வாசித்தேன். மூன்றாவதைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, எனக்கு மனப்பாடம். பதினாலையும் டைப் அடித்தவன் நான்தான்.

அப்போது நான் திருவொற்றியூரில் இரும்பு டிரம் செய்கிற ஒரு கம்பெனியில் கிளார்க். சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும், ஆனால் எங்கள் மேனேஜர் நாற்காலியில் இன்னும் வெள்ளைக்காரர்தான். ஆட்கள் எனக்கு வைத்த பெயர் ரைட்டர். ரிஜிஸ்டர் எழுதுவது, லெட்டர் டிராஃப்ட் பண்ணுவது, துரை பேசுவதை ஆட்களுக்கும் ஆட்கள் பேசுவதைத் துரைக்கும் சொல்வது, எல்லாம் என் தலையில். புரொபேஷன் முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின திங்கட்கிழமை காலையில் ஒரு கூட்ஸ் வண்டி ரயில்வே கேட்டை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கம்பெனி தண்டவாளத்துக்கு மேற்கே, ஆட்கள் வருவதெல்லாம் கிழக்கே கடலோரத்திலிருந்து. மற்ற நாளாயிருந்தால் வேகனுக்கு அடியில் நுழைந்து வந்திருப்பார்கள். அன்றைக்கு ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் லத்தியோடு நின்றார். முன்னாலேயே வந்துவிட்டவர்கள் தப்பித்தார்கள். பதினாலு பேர் முக்கால் மணி நேரம் லேட்.

லேட்டாக வந்தவன் இங்கிலீஷில் எக்ஸ்ப்ளனேஷன் தர வேண்டும் என்பது புது துரையின் புது ஆர்டர். ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது, என்னிடம் வந்தார்கள். நான் பெரிய புத்திசாலி இல்லையா? காரணம் ஒன்றுதானே என்று கார்பன் வைத்து ஒரே மூச்சில் அடித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு, ஆளுக்கொன்றாகக் கொடுத்து ரேகை வைக்கச் சொன்னேன். கால் மணியில் வேலை முடிந்தது. அவ்வளவு சீக்கிரம் நான் எந்த வேலையையும் முடித்ததில்லை.

"பதினாலு பேருக்கும் ஒரே மூளையா?" என்றார் துரை. அவர் கப்பலிலிருந்து இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஸ்டிரைக் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். "இது லேட் இல்லை. பேசி வைத்துக்கொண்டு வந்த லேட். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. அதற்குள் ஒவ்வொருவனும் அவனவன் கதையை அவனவன் வாக்கியத்தில் கொடுக்கட்டும். இரண்டு கடிதம் ஒரே மாதிரி இருந்தால் பதினாலு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்துக் கதை சொல்ல எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த கேட்டில் நின்றவர்கள் பதினாலு பேர் இல்லை, பதினைந்து பேர். பதினைந்தாவது ஆள், ராயபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த நான். ஆபீஸ் ஸ்டாஃப் ரிஜிஸ்டர் என் டிராயரிலேயே இருந்தது. உள்ளே வந்ததும் என் பெயருக்கு நேரே எட்டு மணி என்று எழுதினேன். பிறகு ஆட்கள் ரிஜிஸ்டரை எடுத்து, என்னோடு நின்ற அந்தப் பதினாலு பேருக்கும் சிவப்பு மையில் 'லேட்' போட்டேன். வெட்கம்கெட்ட கை, அதையும் அழகான எழுத்தில்தான் போட்டது.

2. எனக்கும் ஒரு ஆல்தோ

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் ஷெட்டில் டிரம்களைக் கவிழ்த்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் பேப்பர் பேனாவோடு நடுவில்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. அன்னிக்கு என்ன நடந்தது?"

முதலில் கன்னியப்பன். காத்திவாக்கத்து ஆள், கட்டுமரத்தை விட்டு டிரம்முக்கு வந்தவன். "கேட்டு போட்டுட்டாங்கோ, நின்னுகினு இருந்தோம், தொறந்தாங்கோ, வந்தோம்" என்றான்.

"சரி. தேசப்பா, நீ?"

"அதான் ரைட்டரே. கேட்டு போட்டுட்டாங்கோ, நின்னுகினு இருந்தோம்..."

"அதையே சொல்லாதேய்யா! வேற மாதிரி சொல்லு!"

"வேற மாதிரி இன்னா கீது? கேட்டு ஒண்ணுதான?"

அவன் சொன்னது நியாயம். ஆனால் எனக்குப் பதினாலு வாக்கியம் வேண்டும். ஸ்கூலில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அதையே சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மாற்றி எழுதச் சொல்லிப் பிரம்பால் விளாசுவார். இது யாருக்கு உபயோகப்படப் போகிறது என்று அன்றைக்குத் திட்டியிருக்கிறேன். இப்போது அந்தப் பிரம்பை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கன்னியப்பனுக்கு ஆல்தோ: சீக்கிரமே புறப்பட்டபோதிலும் கேட் அடைத்திருந்தது. தேசப்பனுக்கு இஃப்: கேட் திறந்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்பேன். அடுத்தவனுக்கு வென், அதற்கடுத்தவனுக்கு பிகாஸ். ஒருவனுக்கு விச் போட்டு, 'எந்த கேட் என்னை நிறுத்தியதோ அந்த கேட்' என்று கேட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன். ஒருவனுக்கு நாட் ஒன்லி பட் ஆல்சோ: கேட் மட்டுமல்ல, போலீஸ்காரரும்கூட.

எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் சொன்னேன். அதுதான் தப்பாய்ப் போயிற்று.

"ஆல்தோன்னா இன்னா ரைட்டரே, ஸ்ட்ராங்கா?" என்றான் தேசப்பன்.

"ஸ்ட்ராங்குதான்."

"அப்ப எனக்கும் ஒண்ணு போடு."

"ஒரு ஆல்தோதான்யா. கன்னியப்பனுக்குக் கொடுத்தாச்சு."

"அவன் இன்னா உனக்கு மச்சானா? நானும் அந்தக் கேட்டாண்டதான நின்னேன்? அவனுக்கு மூணு லைனு, எனக்கு ஒண்ணரை லைனா?"

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து வந்து அவரவர் காகிதத்தைக் கன்னியப்பன் காகிதத்தோடு வைத்து அளந்து பார்த்தார்கள். என் கடிதம் குட்டை, என் கடிதத்தில் புள்ளியே இல்லை என்று ஒரே கூச்சல். கன்னியப்பன் தன் காகிதத்தை மடித்து மடியில் சொருகிக்கொண்டு, யாருக்கும் தர மாட்டேன் என்று நின்றான். கடைசியில் தேசப்பனுக்கு இரண்டு காமாவும் ஒரு செமிகோலனும் அதிகமாகப் போட்டுக் காட்டினேன். "இது இன்னாது, காமா மேல புள்ளி?" என்றான். "இது ஆபீசர்ங்க மட்டும் போடறது" என்றேன். அதற்கப்புறம்தான் அவன் அடங்கினான்.

கடைசி ஆள் அந்தோணி. பிரஸ் மெஷினில் பதினெட்டு வருஷ சர்வீஸ், என் பேட்டைக்காரர்தான். இத்தனை களேபரத்திலும் வாய் திறக்காமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு எது மிச்சம் கீதோ அத்த எயுது நைனா" என்றார்.

பதினாலாவது வாக்கியத்துக்கு என்னிடம் சரக்கே இல்லை. பழைய வாக்கியம் ஒன்றையே தலைகீழாகத் திருப்பி, பின்னால் வர வேண்டியதை முன்னால் வைத்து எப்படியோ முடித்தேன்.

3. விசாரணை

காலை பத்து மணிக்குத் துரை பதினாலு கடிதங்களையும் படித்தார். முகத்தில் ஒரு கடுகடுப்பும் இல்லை. நடுவில் ஒருமுறை தலையைக்கூட ஆட்டினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பிறகு, "ஒவ்வொருவனாக வரச் சொல். வாயால் சொல்லட்டும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயால் சொன்னால் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

கன்னியப்பன் வந்து நின்றான். "கேட்டு போட்டுட்டாங்கோ, நின்னுகினு இருந்தோம், தொறந்தாங்கோ, வந்தோம்."

நான் துரைக்குச் சொன்னேன்: வழக்கத்தைவிடச் சீக்கிரமே புறப்பட்டபோதிலும், துரதிர்ஷ்டவசமாக...

தேசப்பன் வந்தான். "கேட்டு போட்டுட்டாங்கோ, நின்னுகினு இருந்தோம், தொறந்தாங்கோ, வந்தோம்."

அந்த கேட் மட்டும் திறந்திருக்குமேயானால் என்று ஆரம்பித்தேன்.

ஐந்தாவது ஆள் முடித்ததும் துரை பேனாவைக் கீழே வைத்தார். "அவன் சொன்னது ஆறு சொல். நீ சொன்னது முப்பது."

"தமிழ் ரொம்பச் சுருக்கமான மொழி சார்" என்றேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அவர் கடிதங்களை ஒதுக்கி வைத்தார். "சரி, வாக்கியத்தை விடு. எனக்கு ஒன்று தெரிந்தால் போதும். அந்த கேட்டில் இவர்கள் கூட்டத்தைச் சேராத நம் கம்பெனி ஆள் ஒரே ஒருவன் நின்றிருந்தாலும், இது பேசி வைத்த லேட் இல்லை என்று நம்புகிறேன். பதினாலு பேரையும் இப்போதே வேலைக்கு அனுப்பிவிடுகிறேன். யாராவது இருந்தார்களா? மறுபடி ஒவ்வொருவனாக வரச் சொல்லிக் கேள்."

அதைத் தமிழில் கேட்க வேண்டியவன் நான்! கேட்டேன். கன்னியப்பன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "யாரும் இல்ல சார். நாங்கோ மட்டுந்தான்" என்றான். தேசப்பனும் அதையே சொன்னான். அடுத்தவனும், அதற்கடுத்தவனும். ஆல்தோவுக்கு அடித்துக்கொண்டவர்கள் இதில் ஒரு சொல் மாறவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் இங்கிலீஷ் பேசியதில்லை.

பதின்மூன்று பேர் முடிந்தார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வராந்தாவுக்குப் போனேன். அந்தோணி மட்டும் நின்றார்.

"ஏன் அந்தோணி, என்னைப் பார்த்தீங்கதானே? ஒருத்தராவது சொல்லியிருந்தா எல்லாரும் தப்பிச்சிருப்பீங்களே!"

"பார்த்தோம். அதுக்கு இன்னா இப்ப? நீ இன்னும் பர்மனெண்ட் ஆவல இல்ல? எங்கள தொரத்திட்டா நாங்கோ ஹார்பர்ல மூட்டை தூக்குவோம். கன்னியப்பன் கட்டுமரம் ஏறுவான். நீ இன்னா பண்ணுவ நைனா? உனக்கு ஆல்தோவும் பிகாஸும் வுட்டா வேற இன்னா தெரியும்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே என்னை நினைத்துக் கவலைப்பட்டுத்தான் கேட்டார். பதினெட்டு வருஷ சர்வீஸ் போகப்போகிற மனிதர், பதினேழு நாள் மிச்சமிருக்கிற என் புரொபேஷனுக்காக!

உள்ளே போனோம். துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்தோணி நிமிர்ந்து நின்று, "யாரும் இல்ல சார்" என்றார்.

துரை என் வாயைப் பார்த்தார். பதின்மூன்று தடவை வந்த நீளமான இங்கிலீஷ் இப்போது வரவில்லை, குட்டையாக ஒன்றுதான் வந்தது.

"இருந்தான் சார். நான்" என்றேன்.

"இது அவன் பதிலா, உன் பதிலா?"

"என்னுடையது சார்."

அந்தோணிக்கு ஒன்றும் புரியவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "இன்னாய்யா, எல்லாருக்கும் அவ்ளோ நீளமா சொன்ன, எனக்கு மட்டும் இத்தினூண்டா?" என்று முறைத்தார்.

துரை ஸ்டாஃப் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தைப் பிரித்து, எட்டு மணி என்ற என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "எழுது" என்றார்.

பேனாவை எடுத்ததும் பழக்க தோஷத்தில் ஆல்தோ என்று ஆரம்பித்தேன். அடித்தேன். பிகாஸ் போட்டேன். அதையும் அடித்தேன். ஐந்து நிமிஷம் கழித்துத் தாளில் இருந்தது இவ்வளவுதான்: கேட்டில் நானும் நின்றேன். நானும் லேட். எட்டு மணி என்று எழுதியது பொய்.

பதினாலு பேரும் பதினொரு மணிக்கு மெஷினுக்குத் திரும்பினார்கள். என் புரொபேஷன் ஒரு வருஷம் நீண்டது. ஸ்டாஃப் ரிஜிஸ்டர் வாட்ச்மேன் அறைக்குப் போயிற்று, தினமும் ஆட்களோடு வரிசையில் நின்றுதான் நானும் கையெழுத்துப் போட்டேன். வரிசையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தேசப்பன், "வா ரைட்டரே, ஜல்தி வா, கேட்டு போட்டுடப் போறாங்கோ" என்று கத்துவான். அந்த வருஷம் முழுக்க விடவில்லை, படுபாவி.

இப்போது லெட்டர் டிராஃப்ட் பண்ணக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். எல்லா வாக்கியத்தையும் ஐ என்றே ஆரம்பிக்காதே, ஒன்றை வென்னில் ஆரம்பி, ஒன்றை விச்சில் இழு, நீளமாக ஒன்று எழுதினால் அடுத்ததைக் குட்டையாக வை என்று சொல்லிக்கொடுக்கிறேன். அதெல்லாம் வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கூடவே இதையும் சொல்கிறேன்: அடுத்தவன் எக்ஸ்ப்ளனேஷனை எழுத உட்காருவதற்கு முன்னால் உன்னுடையதை எழுதி முடித்துவிடு. என்னுடையது பதினைந்தாவதாக வந்தது. முதலாவதாக வந்திருந்தால் மற்ற பதினாலுக்கும் வேலையே இருந்திருக்காது.