திருவிழாவன்று எண்ணிய கைபேசிகள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நானும் ஷீபாவும். இல்லாதவன் சகாயம். அவன் எழுதித் தந்த தாள் மட்டும் இருந்தது, என் சட்டைப்பையில். அதை ஷீபாவுக்குக் காட்டாமல் மறைத்தேன்... தெரிந்தே மறைத்தேன்!

ஒரு தாள்தானே என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் மூவரும் நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஷீபா பள்ளி ஆசிரியரின் மகள். நிரல் எழுத உட்கார்ந்தால் எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். சகாயம் கடற்கரைக்காரன். அவனுடைய அப்பா அந்தோணி வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். நான் பூதப்பாண்டிப் பக்கம் வயலில் கூலிவேலை செய்கிறவரின் மகன். எங்கள் வீட்டில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

படிப்பு முடிந்த கையோடு வடசேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்தோம். கைபேசிச் செயலி ஒன்று செய்யப் போகிறோம்! பெயர்கூட வைத்தாயிற்று, 'கரைவிலை'. யோசனை சகாயத்துடையது.

"எங்கப்பா சாளை மீனக் கொண்டுவந்து நம்ம கரையில யாவாரிமாரு கேட்ட விலைக்குக் குடுத்துட்டு வாறாரு. ரெண்டு கரை தள்ளி அதே சாளை இரட்டி விலைக்குப் போவுது. வள்ளத்துல வரும்போதே போன்ல விலை தெரிஞ்சா அங்கோட்டுத் திருப்பலாம்லா மக்கா?"

ஒவ்வொரு கரையிலும் ஒரு நண்பன் ஏல விலையைக் குறுஞ்செய்தியில் அனுப்புவான். செயலி அதை எல்லோருக்கும் காட்டும். அவ்வளவுதான். ஐம்பது வள்ளக்காரர்கள் பயன்படுத்தினால் மாதாமாதம் பணம் தருகிறேன் என்று ஒரு மீன் வியாபாரி சொல்லியிருந்தார். எங்களுக்கு அப்போது உறக்கமே வரவில்லை! டீக்கடையில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் இதே பேச்சு.

சகாயத்துக்கு மட்டும் ஒரு கெடு இருந்தது. வளைகுடா வேலைக்கு விசா எப்படியும் இரண்டு மாதத்தில் வந்துவிடும். "அதுக்குள்ள ஐம்பது பேரு சேந்தா நான் போகல. சேரலேன்னா ஃப்ளைட்டுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். கடலைப் பார்க்காமல் அவனால் ஒரு வாரம் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

செயலியை முதலில் எதற்குச் செய்வது? பட்டன் போனுக்கா, ஆண்ட்ராய்டுக்கா, ஐபோனுக்கா? மூன்றையும் ஒன்றாகச் செய்ய ஆளும் இல்லை, பணமும் இல்லை. யாரிடம் எந்தப் போன் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்வோம் என்றாள் ஷீபா.

இங்கேதான் நான் வழுக்கினேன்.

சகாயத்தின் ஊரில் கோயில் திருவிழாவின் பத்தாம் நாள். அன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. வளைகுடாவில் இருப்பவர்கள் அந்தப் பத்து நாளுக்காகவே விடுப்பைச் சேர்த்துவைத்து வந்து இறங்குவார்கள். அவர்களில் ஒருவர், சகாயத்தின் பெரியப்பா மகன், தன் ஐபோனை என் கையில் தந்தார். "பிடிச்சுப் பாரு தம்பி, ஒண்ணும் ஆகாது."

ஐயோ... அந்தக் கண்ணாடி! இரண்டு விரலை வைத்து விரித்தேன், தேரின் படம் என் விரலோடு விரிந்தது! தேரில் நின்ற சம்மனசின், அந்தத் தேவதூதரின், இறக்கையில் இருந்த ஜிகினாகூடத் தெரிந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதில் என் செயலி ஓட வேண்டும், உலகத்தில் எவன் திறந்தாலும் என் பெயர் தெரிய வேண்டும்! வேலைக்கான நேர்முகத்தில் என் ஆங்கிலத்தைக் கேட்டு உதட்டைச் சுழித்தவர்கள் அதைப் பார்க்க வேண்டும்!

அங்கேயே நின்று எண்ணினேன். நாற்பது பேர்: ஐபோன் பதினேழு, ஆண்ட்ராய்டு பன்னிரண்டு, பட்டன் போன் பதினொன்று. யாரை எண்ணினேன் தெரியுமா? தேரைப் படம் எடுக்கக் கையில் போனைத் தூக்கிப் பிடித்தவர்களை! கேமரா இல்லாத பட்டன் போன்காரர் எதற்குத் தூக்கப் போகிறார்?

திருவிழா முடிந்த மூன்றாம் நாள் காலையில், வள்ளங்கள் கரையேறும் நேரத்தில், சகாயம் தன் பங்குக்கு எண்ணினான். எழுபத்தொரு பேர். பட்டன் போன் அறுபத்தாறு. மறுநாள் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்குத் திருவனந்தபுரம் போகும் அவசரத்தில், தாளை என்னிடம் திணித்துவிட்டு பஸ் ஏறினான். "ஷீபாட்ட குடுத்துரு, கேட்டியா?"

நான் ஷீபாவின் முன் வைத்தது என் தாளை.

"இது எப்ப எண்ணுன?"

"ஞாயித்துக்கிழமை."

பொய்யில்லை, பத்தாம் நாள் ஞாயிறுதான். கடலோரம் பழகாத உள்ளூர்ப்பக்கப் பெண் அவள். கடற்கரைத் திருவிழா என்றைக்கென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"பட்டன் போனுதான் சாஸ்தியா இருக்கும்னு நெனச்சேன். சகாயம் என்ன சொல்லுகான்?"

"அவனுக்கும் ஐபோன்தான்."

அவன் திரும்பி வந்து கேட்டபோது அதே நாக்கால், "உன் கணக்கப் பாத்துட்டுத்தான் ஷீபா ஐபோன்னு சொல்லுகா" என்றேன். அவன் முகம் சுருங்கியது. "அவ கரையில வந்து நின்னு பாத்தாளாக்கும்?" என்றான். பிறகு, "சரி, படிச்ச பிள்ள, ஏதாவது இருக்கும்" என்று விட்டுவிட்டான்; அவளிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஐபோனுக்கு எழுதுவதற்கென்றே தனிக் கம்ப்யூட்டர் வேண்டும். மூவர் கையிலிருந்ததையும் வழித்துப் பழையது ஒன்று வாங்கினோம். புது நிரல்மொழி! ஆறு வாரம்... இன்றைக்கும் சொல்கிறேன், என் வாழ்வில் அப்படியொரு மகிழ்ச்சி வந்ததில்லை. செயலி முதன்முதலில் ஓடியபோது ஷீபா போட்ட கூச்சலில் ஜெராக்ஸ் கடைக்காரர் மாடிக்கே ஓடிவந்தார். செயலிக் கடையில் அது ஏறிய அன்று, பெரியப்பா மகன் விட்டுச்சென்ற பழைய ஐபோனை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் அப்பா கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார்.

மறுநாள் விடியலில் கரைக்குப் போனோம். வள்ளங்கள் ஏறின. அந்தோணி பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றிய போனை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எனக்க போன்ல எந்தப் பட்டனை ஞெக்கணும் மக்கா?"

சுற்றி நின்றவர்களும் ஆளுக்கொரு கவரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஷீபா என்னைப் பார்த்தாள்... நான் கடலைப் பார்த்தேன்.



முதல் இரண்டு வாரத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் வளைகுடாவில் இருப்பவர்கள்! எங்கள் கரையின் சாளை விலை பாலைவனத்தில் தெரிந்தது. சாளையோடு நின்றவருக்குத் தெரியவில்லை.

விசா வந்தது. சகாயம் போனான்.

அவன் போய்ப் பதினோராம் நாள், பட்டன் போனுக்கான செயலியை ஷீபா முடித்தாள். மூன்றே வாரத்து வேலை! அடுத்த மாதத்துக்குள் ஐம்பது வள்ளக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். அந்தோணி பதினெட்டாவது ஆள். இப்போது எங்கள் வாடகையும் என் சாப்பாடும் அந்தச் செயலியிலிருந்துதான். 

ஷீபா ஒருமுறை கேட்டாள், "சகாயம் எனக்கு மட்டும் ஏன் போன் பண்ண மாட்டேங்கான்?" தெரியாது என்றேன். எனக்கா தெரியாது?

இரண்டு ஆண்டு கழித்துத் திருவிழாவுக்கு வந்தான். பத்தாம் நாள், தேர் திரும்பும் முக்கில், முதுகில் ஓங்கி ஒரு அடி. "ஏலே இசக்கி!" கறுத்து மெலிந்திருந்தான். சட்டைப்பையிலிருந்து புத்தம்புது ஐபோன் ஒன்றை எடுத்தான். அதில் 'கரைவிலை' திறந்திருந்தது. எங்கள் மூவரின் பெயர்களும் கீழே இருந்தன.

"டெய்லி காலையில இதத்தான் முதல்ல பாப்பேன். எங்கப்பா இன்னிக்கி எந்தக் கரைக்குப் போயிருப்பாருன்னு இத வச்சு கண்டுபிடிச்சுருவேன், பாத்துக்க!"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. அந்தத் தாள் அன்றும் என்னிடம் இருந்தது, இன்றும் இருக்கிறது. வாயைத் திறந்தேன். வந்த கேள்வி வேறு.

"என்ன விலைடே இது?"

சகாயம் தேரைப் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தபடியே சொன்னான்.

"ரெண்டு மாசச் சம்பளம், மக்கா."