இரண்டு பேர் சேர்ந்து ஸ்ராட் செய்யும் கார்

2024 செப்டெம்பர் 14, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். முற்றம் கூட்டி, கோழிக்கூடு திறந்து, ஏழு மணிக்கு அம்மாவுக்குப் பிரஷர் குளிசை கொடுத்தேன். ஏழரைக்கு இடியப்பமும் சொதியும். ஒன்பது மணிக்குக் கார்க் கொட்டிலைத் திறந்து ரயர்களுக்குக் காற்றடித்தேன். அன்று மேலதிகமாக இருந்தது ஒன்றுதான்: பத்தரை மணிக்குக் காரை வாங்க வவுனியாவிலிருந்து ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார்.

கார் ஒரு ஏ-போர்ட்டி, இங்கிலாந்தில் செய்தது. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பா அதைப் பழைய காராகவே வாங்கினார். அக்கராயனில் எங்கள் வயல் வேலைக்கு அது பாதி கார், பாதி வண்டில். முன்சீற்றில் நானும் அம்மாவும், பின்சீற்றில் விதைநெல் மூட்டை. அயலில் பிள்ளைப்பேறு என்றால் மூட்டையை இறக்கிவிட்டுத் தாயை ஏற்றுவோம்.

போர்த் தடையால் பெற்றோல் வராத வருடங்களில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த இன்ஜின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. யாராவது பொனற்றைத் திறந்து நின்று, சேலைன் போத்தலில் பத்திரமாக வைத்த பெற்றோலில் நாலு துளியைக் காபரேற்றருக்குள் விடவேண்டும். அந்த நேரம் பார்த்து மற்றவர் சாவியைத் திருப்பவேண்டும். எங்கள் வீட்டில் விடுவது அம்மா, திருப்புவது அப்பா. “விடும்,” என்பார் அப்பா. கார் இருமி, உதறி, ஓடத் தொடங்கும். போன இடத்தில் அவர் அதை அணைக்கமாட்டார். அணைத்தே ஆகவேண்டுமென்றால் குளக்கட்டின் சரிவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, போகவேண்டிய வீட்டுக்குத் திரும்ப நடந்து வருவார். உருட்டி ஸ்ராட் செய்ய எங்கள் பக்கத்தில் வேறு மேடு கிடையாது.

கடைசி இடப்பெயர்வில் புதுக்குடியிருப்புக்கு அப்பால் காரை விட்டுவிட்டு நடந்தோம். காரின் பதிவுப் புத்தகத்தை மட்டும் நான் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். ஊர் திரும்பிய பிறகு, வாகனங்களைக் குவித்து வைத்திருந்த ஒரு வெளியில் அப்பாவும் நானும் இரண்டு நாள் தேடினோம். நிறம் போயிருந்தது, கண்ணாடிகள் இல்லை. பொனற்றின் உட்பக்கம், சேலைன் போத்தலைக் கொழுவ அம்மா வளைத்துக் கட்டிய கம்பி மட்டும் அப்படியே இருந்தது. அப்பா அந்தக் கம்பியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். பிறகு, “புத்தகத்தை எடு பிள்ளை,” என்றார்.

திருத்தி ஓட்ட மூன்று வருடம் எடுத்தது. அதற்குள் பெற்றோல் தாராளமாக வந்துவிட்டது. அப்பா இறந்து நாலு வருடமாகிறது. அவருக்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நான் காரை எடுத்துக் குளக்கட்டு வரை போய்த் திரும்புவேன். போன தூரம், விட்ட பெற்றோல், இன்ஜினின் சத்தம் எல்லாம் கொப்பியில் இருக்கின்றன. அப்போதும் அம்மா துளி விட்டால்தான் பிடித்தது. பழைய கார் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கொட்டில் ஒழுகியது. போன மாரியில் ஒரு கதவின் அடி துருவில் தின்னப்பட்டுவிட்டது. நான் கந்தோர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவள். மாதத்தில் ஒரு நாள் ஓடுவது ஒரு காருக்குப் போதாது. வவுனியாக்காரர் பழைய கார்களைத் திருத்திக் கலியாணங்களுக்கு விடுபவர். அவரிடம் போனால் அது பிழைக்கும் என்று பட்டது. அம்மாவிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், “உன்ர விருப்பம்,” என்றார். அம்மா எப்போது அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வவுனியாக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். காரைத் தட்டிப் பார்த்து, கீழே குனிந்து பார்த்து, ஓட்டிக் காட்டச் சொன்னார். அம்மா ஏற்கெனவே போத்தலோடு பொனற்றடியில் நின்றார். அது தேவைப்படாது, நீங்கள் இருங்கோ அம்மா என்று சொல்லி வந்தவரே நாலு தடவை சாவியைத் திருப்பினார். பிடிக்கவில்லை. அம்மா விட்டார், பிடித்தது. பிறகு யாரும் கேட்காமலே பின்சீற்றில் ஏறி இருந்துகொண்டார்.

நான் ஓட்டினேன். குளக்கட்டு ஏறும்போது பின்னால் வெள்ளைப் புகை மறைத்தது. பாதி ஏற்றத்தில் கார் நின்றது. வந்தவர் இறங்கிப் போய்ப் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“அக்கா, இதுக்கு என்ன விடுறனீங்கள்?”

“பெற்றோல்தான்.”

“இது மண்ணெண்ணெய் மணக்குது.”

நானும் முகர்ந்தேன். எனக்கு அது கார் மணமாகவே இருந்தது. என் சின்ன வயதிலிருந்து எங்கள் கார் அப்படித்தான் மணத்தது. கொப்பியில் எழுத வேண்டிய விஷயமாக அது ஒருநாளும் படவில்லை. பெற்றோல் அடிக்கிற செற்றில் கலந்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தொடங்கியபோது பின்சீற்றிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“செற்காரரை ஏசாத பிள்ளை. நான்தான் விட்டனான்.”

தண்ணிப் பம்புக்கு வாங்கும் மண்ணெண்ணெய்க் கானிலிருந்து மாதம் ஒரு போத்தல். நான் கந்தோரில் இருக்கும் நேரம். நாலு வருடமாக.

வந்தவர் சிரித்துவிட்டார். “ஏனம்மா, காரோட என்ன கோவம்?”

“கோவமில்லைத் தம்பி. பெற்றோல் மட்டும் விட்டா இவள் தனிய ஸ்ராட் பண்ணிப்போடுவாள்.”

வந்தவர் குளத்துப் பக்கம் திரும்பினார். நான் கார்க் கண்ணாடிக்குள்ளால் அம்மாவைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த போத்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கொப்பா தேவையில்லாட்டிலும் கூப்பிடுறவர்.”

போர் முடிந்த பிறகு, பெற்றோலில் ஓடிய காலம் முழுக்க, அப்பா “விடும்” என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டிருக்கிறது. அது எதற்கென்று நான் யோசித்ததில்லை.

அம்மா இறங்கி வந்து துளி விட்டார். நான் ஏறியிருந்து பிறேக்கைத் தளர்த்தினேன். கார் பின்பக்கமாக உருண்டு, றிவேர்ஸ் கியரில் உதறிப் பிடித்தது. வீட்டுக்கு வந்ததும் வவுனியாக்காரர் தேநீர் குடித்தார். இன்ஜினில் பிழையில்லை, தாங்கியைக் கழுவினால் போதும், தனக்குக் கார் வேண்டும், பின்னேரத்துக்குள் முடிவு சொன்னால் நல்லது என்றார்.

ஐந்து நாற்பதுக்கு அவருக்குத் தொலைபேசி எடுத்து, கொடுப்பதாக இல்லை என்று சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. கதவின் துருவைச் சுரண்டி என்ன பூச வேண்டும் என்று சொல்லித் தந்தார். கொட்டிலுக்கு மாரிக்கு முன் தகரம் மாற்றச் சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். மண்ணெண்ணெய் இன்ஜினைக் கெடுக்கும், இனி விடக்கூடாது என்றும் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார். ஆனால் இரவு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தேநீருக்கும் முன், முதல் வேலையாக அம்மாவைக் கூப்பிட்டேன். நான் காருக்கு அடியில் படுத்து, தாங்கியில் இருந்ததை வடிக்க அதன் நட்டைக் கழற்றினேன். அவர் குந்தியிருந்து வாளியைப் பிடித்தார். வாளியை நிலத்தில் வைத்திருந்தாலும் போதும்.