சத்தம் வைக்காமல் படம் காட்டியவர்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ராஜமாணிக்கம் அண்ணன் இறந்த அன்றிலிருந்து இரங்கல் கூட்டம் முடிகிற வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவன் மனசில் துக்கம் இல்லை என்று நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து நண்பர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்த விதத்தை முதலில் சொல்கிறேன். என் பெயர் கெட்டது அங்கேதான். காடு பார்க்கக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து ஊர் திரும்பும் வரை நம் குழுவில் யாரும் புலி என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. ‘பெரியவர்’ என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணன் போட்ட சட்டம் அது. மீறினால் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். மற்ற மாதங்களிலும் அந்தப் பெயரே நாக்கில் ஒட்டிக்கொண்டது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பார். எனக்கு நம்பிக்கையில்லை. மலைக்குப் போனபோது நானே இரண்டு மூன்று பேரைத் தனியாகக் கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். அவரே கட்டிவிட்ட கதை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அன்று காலை செல்வி டீச்சர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி இவ்வளவுதான்: ‘பெரியவர் போயிட்டாருங்க.’ முந்தின நாள்தான் நம்மில் ஒருவர் கல்யாணத்துக்காக முதுமலையை ஒட்டிய மசினகுடி பக்கம் போயிருந்தார். ஏதாவது கண்ணில் பட்டால் உடனே தெரிவிப்பதாகச் சொல்லியிருந்தார். நான் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில், ‘எந்தப் பக்கம் போனார்? போட்டோ இருக்கா?’ என்று எழுதிவிட்டு போனைப் பையில் போட்டேன். மதியம் எடுத்துப் பார்த்தபோதுதான் போனவர் அண்ணன் என்று தெரிந்தது. என் கேள்விக்கு மேலும் கீழும் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரிகள் இருந்தன. அங்கே முன்பு என்ன இருந்தது? கைதட்டலா, கட்டைவிரலா? என்னைப் போலவே ஏமாந்தவர்கள் சுருக்காக அழித்துவிட்டார்கள். அழிக்காமல் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன். அவரோடு எனக்கு ஆகாது என்பது ஊரறிந்த விஷயம் என்பதால், நான் வேண்டுமென்றே கேலி செய்ததாகப் பேச்சு பரவியது. அதைப் பரப்பியவர்கள் அழித்தவர்கள்தான் என்பது என் சந்தேகம்.

நம் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்து, அண்ணனை அதிகம் அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அவர் கச்சிராயபாளையம் ரோட்டில் கேசட் கடை வைத்திருந்தவர். கேசட் போய் சிடி வந்தது, சிடியும் போனது. கடையை மூடிய பிறகு காடுகளைப் பற்றிய படங்களையும் புத்தகங்களையும் மட்டும் வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டார். வருடத்துக்கு ஒரு முறை வேனில் முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ போவோம். அதற்கு முந்தின மாதம் ஞாயிறு தவறாமல் அந்த மாடியில் உட்கார வேண்டும். படம் பார்க்காதவருக்கும் கொடுத்த புத்தகத்தைப் படிக்காதவருக்கும் வேனில் இடமில்லை. நான் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவன். என்ன படிக்கலாம் என்று என்னை ஒரு முறைகூட அவர் கேட்டதில்லை. நானாக எழுதிக் கொடுத்த பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

அவர் படம் காட்டும் முறை வேறு. சத்தத்தை முழுவதும் நிறுத்திவிடுவார். முதல் தடவை நான் தொலைக்காட்சி பழுது என்று நினைத்து எழுந்துபோய்ப் பார்த்தேன். “உக்காரு சாரு, பொட்டி நல்லாத்தான் கீது” என்றார். இசையே இல்லாமல் காட்டுப் படம் பார்ப்பது பெரும் தொல்லை. எது எப்போது வரும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. புல் அசைகிறது, அது காற்றா, விலங்கா என்று கடைசிவரை தெரியாது. வேல்முருகன் (அவரை உங்களுக்குத் தெரியும், மனை விற்பவர், நம் வேனுக்குச் சொந்தக்காரர்) ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“ஏன்ணே, ஊமப் படமா இது? கொஞ்சம் சவுண்டு வெச்சா இன்னா?”

“காட்டுல உனக்கு மியூசிக் போட்டுக்கினு யாரும் வரமாட்டாங்கடா. பாட்டு வந்தாத்தான் நிமுந்து பாப்பேன்னா வூட்லயே இரு” என்றார் அண்ணன்.

அடுத்த வாரம் அதே படத்தைத் திரும்பப் போட்டார். இந்த முறை சத்தம் உண்டு. ஆனால் திரையின் மேல் வேட்டியைப் போர்த்திவிட்டார். குரங்கு கத்துவதற்கும், மான் எச்சரிக்கைக் குரல் கொடுப்பதற்கும் வித்தியாசம் சொல்ல வேண்டும். செல்வி டீச்சர் ஓய்வு பெறும் வரை சத்தமான வகுப்பறைகளில் இருந்தவர். அவர்தான் எப்போதும் சரியாகச் சொல்வார். நான் தவறாகச் சொன்னால் அண்ணன் திருத்தமாட்டார். “சாருக்கு இன்னொரு தபா போடுங்க” என்பார். அது அக்கறையா, குத்தலா என்று வீடு போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போவேன்.

எங்கள் பகை ஒரு புலியால் வந்தது. அண்ணன் முன்பொரு காலத்தில் முதுமலையில் மூங்கில் புதருக்கு அருகே பெரியவரைப் பார்த்ததாக வருடா வருடம் சொல்வார். வாலால் ஈ ஓட்டியது, முன்னங்காலை நக்கியது, திரும்பி அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது, தலைக்கு மேல் ஒரு மயில் கத்திக்கொண்டு பறந்தது. கேட்பவர்கள் சொக்கிப்போவார்கள். ஒரு ஞாயிறு அவர் போட்ட படத்திலேயே நான் அதைப் பார்த்தேன். வால், முன்னங்கால், கொட்டாவி, மயில், எல்லாம் அதே வரிசையில். எழுந்து நின்று சொன்னேன்: “அண்ணே, நீங்க பாத்த புலி இதுதான். நீங்க காட்டுல பாக்கல, இந்தப் பொட்டியில பாத்துருக்கீங்க.”

எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வேல்முருகன், “சாரு அந்த வார்த்தைய சொல்லிட்டாரு, டீ, டீ” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து சொன்னார்:

“படத்துல நடிச்சி முடிச்சிட்டு என்னாண்ட வந்துச்சோ இன்னாவோ, யாரு கண்டா.”

மறுபடியும் சிரிப்பு. நான் டீயும் வாங்கிக் கொடுத்தேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அண்ணனுக்குப் போடும் நினைவு மலரில் அந்தப் புலியை முழுப் பக்கத்துக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போடுங்கள். ஆனால் அவர் பார்த்தார் என்று எழுதாதீர்கள். அவர் சொன்னார் என்று எழுதுங்கள். அவர் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எனக்குக் கொடுத்த புத்தகம் விலங்குகளின் சாணத்தைப் பற்றியது. மற்றவர்களுக்கு வேட்டைக் கதை, யானைக் கதை, எனக்குச் சாணி. பழிவாங்குகிறார் என்று தெரிந்தும், வேனில் இடம் போய்விடக்கூடாதே என்று ஒரு வரி விடாமல் படித்தேன். அந்த வருடம் முதுமலையில் நாங்கள் தங்கிய இடத்துக்குப் போகும் பாதையில் கறுப்பாக ஒன்று கிடந்தது. யானையுடையது, குட்டி யானை என்று வேல்முருகன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து குச்சியால் கிளறினேன். கொன்றை விதைகள், கறையானின் தலைகள். “கரடி” என்றேன். எல்லோரும் பின்வாங்கினார்கள். நானும்தான். அண்ணன் மட்டும் நின்ற இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். பாராட்டவில்லை. ‘படிச்சிட்டியா’ என்பது போல் ஒரு தலையசைப்பு. நான் வென்றேனா அவர் வென்றாரா என்பது எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பயணம் முழுவதும் நான் தரையைப் பார்த்தே நடந்தேன். அதைப் போல் ஒரு காட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி இரங்கல் கூட்டம். துருகம் ரோட்டு மண்டபத்தின் வாசலில் பேனர் வைத்திருந்தார்கள். அண்ணன் சிரிக்கிறார், அவர் தோளுக்குப் பின்னால் ஒரு புலி, புலிக்குப் பின்னால் பனிமலை. முதுமலையில் பனிமலை ஏது என்று யாரும் கேட்கவில்லை. வேல்முருகன் பேசும்போது இரண்டு முறை கண்ணைத் துடைத்தார். இந்த வருடப் பயணம் அண்ணன் நினைவாகக் கட்டாயம் நடக்கும் என்றார். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்:

“அண்ணன் இருந்தாரு, படம் போட்டாரு, படிக்கச் சொன்னாரு, செஞ்சோம். நம்மள்லாம் இன்னா பரிச்சையா எழுதப் போறோம்? இந்த வாட்டி யாருக்கும் அந்த கஷ்டம் கெடையாது. வேன்ல சவுண்டு சிஸ்டம் புதுசா போட்டுக்கீறேன். ஜாலியா போய்ட்டு வர்லாம்.”

கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டலைக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. யார் தட்டினார்கள், யார் தட்டாமல் தரையைப் பார்த்தார்கள் என்று நான் கவனித்தேன். அழுத கண்ணோடு தட்டியவர்களும் உண்டு. அண்ணனின் படங்களும் புத்தகங்களும் இப்போது எங்கே இருக்கின்றன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பத்திரமாக வைப்பதாகச் சொல்லி வேல்முருகன் கோணிப்பைகளில் கட்டித் தன் ஆபீசுக்கு எடுத்துப்போனார். அண்ணனின் மகளே என்னிடம் சொன்னார். பத்திரம் எதற்கு? யாருக்கும் அவை வேண்டாம் என்றால் யாரிடமிருந்து பாதுகாக்கிறார்? பைகள் அவிழ்க்கப்படாமல் இருந்தால் அடுத்த வருடம் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதே கணக்கு என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் பைகளை அவிழ்த்துக் காட்டட்டும்.

அங்கேயே எழுந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ‘போட்டோ இருக்கா’ என்று கேட்டவன் என்ன பேசினாலும் எடுபடாது என்று உட்கார்ந்திருந்தேன். செருப்பு மாட்டும்போது செல்வி டீச்சர் பக்கத்தில் வந்தார்.

“நீங்க எதுனா கேப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன் சார்.”

நீங்களே கேட்டிருக்கலாமே என்றேன்.

“நான் பேசுனா அழுதுடுவேன். பாவம்னு தண்ணி குடுத்து உக்கார வெச்சிடுவாங்க. நீங்க பேசுனா சண்டையாவது நடக்கும்.”

அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

எனவே நேராகக் கேட்கிறேன். கோணிப்பைகளை அவிழ்த்து மாடிக்குத் திருப்பி அனுப்புங்கள். அண்ணனின் மகள் அறையைத் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார். கிளம்புவதற்கு முந்தின மாதத்து ஞாயிறுகளில் வழக்கம்போல உட்காருவோம். யார் படம் போடுவது என்பதில் எனக்குப் போட்டியில்லை. வேல்முருகனே போடட்டும், சத்தம் மட்டும் வைக்க வேண்டாம். பாட்டுப் போட்டுக்கொண்டு மலை ஏறும் வேன்கள் கல்வராயன் மலையின் கரியாலூர் வளைவுகளில் ஞாயிறுதோறும் போகின்றன. அவற்றில் இன்னொன்றைச் சேர்க்க அண்ணனின் பெயர் தேவையில்லை.

கடைசியாக, அவரிடமிருந்து என்னிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் கொடுத்த புத்தகத்தை நான் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. கொடுக்கும் எல்லாப் புத்தகத்துக்கும் அவர் காக்கி அட்டை போடுவார். எழுதியவர் பெயர் வரும் உள்பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிடுவார். இது எழுதியவருக்குச் செய்யும் துரோகம் என்று நான் சண்டை போட்டேன். “பேரைப் பாத்தா நீ பொஸ்தகத்த படிக்கமாட்ட சாரு, ஆளைத்தான் படிப்ப” என்றார். அந்தப் புத்தகம் முழுக்கப் புல்லைப் பற்றியது. இரண்டு முறை படித்துவிட்டேன். இதுவரை அட்டையைக் கிழிக்கவில்லை. யார் எழுதியது என்று தெரியாமலே ஒருவரை மதிக்கும் பழக்கம், என் வயதில், எனக்கு வந்தது அதிலிருந்துதான். அதை வைத்துக்கொள்கிறேன். புத்தகத்தையும்தான்.

இதைத் தட்டச்சு செய்து, நம் கூட்டத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி தபாலில் அனுப்பப் போகிறேன். உறையிலும் பெயர் இருக்காது, அடியிலும் இருக்காது. எழுதியவன் யார் என்று முதல் பக்கத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது போல் இன்னொரு முறை படியுங்கள்.